கதவுகள் மேல் நின்ற கிரேன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன என் கொழுந்தனாரின் பிள்ளைகள் இரண்டும் அதில் சேர்த்தி. ஐந்து பேருக்கும் சோறு போட்டது நெல்லித்தோப்பில் இருக்கிற எங்கள் மரவாடிதான். என் படிப்பு இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல, லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிற என் பேத்தி யாழினி எழுதுகிறாள். வார்த்தையை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுத்துத் தமிழுக்கு மட்டும் அவள் பொறுப்பு.

மரம் ஏற்ற எந்த கிரேன் வாங்கலாம், எந்த டிரெய்லர் வாங்கலாம் என்று விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் மரவாடிக்காரர்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்து, முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் டீ மட்டும் கொடுத்தால் போதும்.

கார் நிறுத்தக் கேட்டார்கள்

எங்களுடையது பழைய மரம் விற்கிற கடை. பிரெஞ்சு காலத்து வீடுகளை இடிக்கும்போது வருகிற தேக்கு உத்திரம், தூண், ஜன்னல், ஆள் உயரத்துக்கு மேலே போகிற கதவு எல்லாம் எங்களிடம் வரும். பச்சை மரமும் வாங்கி அடுக்கி வைப்போம். எல்லாவற்றையும் ஏற்றி இறக்கியது ஆட்களின் தோள்தான். கண்ணன் என்று ஒருவன் லோடுமேன்களுக்குத் தலைவன். அவனும் அவனுடைய ஆட்களும் என்னோடு சேர்ந்து கிழவர்கள் ஆனவர்கள். புதுப் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை. தோள் காய்த்தவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம்.

ஒரு நாள் காலையில் உத்திரம் ஒன்று கண்ணன் தோளிலிருந்து சறுக்கி, அவன் கால் பக்கத்தில் விழுந்தது. காலில் படவில்லை. ஆனால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆயா, எனக்கு இன்னும் பலம் இருக்குது. ஆனா நம்பிக்கை போச்சி" என்றான்.

இதற்குத்தான் காத்திருந்தது போல என் மூத்த மகன் ஏழுமலை வந்தான். கடையை என்னோடு சேர்ந்து பார்க்கிறவன் அவன்தான்.

"இன்னாத்துக்கும்மா இந்த மல்லுக்கட்டு? ஓட்டல்காரரு எடத்தக் கேட்டுக்கினே இருக்காரு. சனி ஞாயிறு ஆனா பெங்களூர் கார், மெட்ராஸ் கார் நிக்க எடமில்ல. மரத்த வித்துட்டு, சுத்தி கயிறு கட்டி உட்டா போதும்."

"கயிறு கட்டி உட்டுட்டு நான் இன்னா பண்றது? காருக்குக் காவலா?"

"நீ ஒக்காந்து டிவி பாரும்மா."

"டிவில மரம் வருமா?"

என் மருமகள் தனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் ஏழுமலையின் மனைவி. பாகூர் பக்கம் பயிர்த்தொழில் குடும்பம். கல்யாணத்துக்கு முன்பே டிராக்டர் ஓட்டினவள். எங்கள் வீட்டுக்கு வந்து அந்தத் திறமையைக் குழம்புக் கரண்டியில் அடக்கி வைத்திருந்தாள்.

அந்த வாரமே வீராம்பட்டினத்துக்கு அப்பால் இருக்கிற ஒரு குப்பத்திலிருந்து பஞ்சாயத்துப் பெரியவர் வந்தார். அவர்கள் ஊர் அம்மன் தேருக்கு அச்சு மரம் மாற்ற வேண்டும். எங்கள் கடையில் நன்றாக விளைந்த இலுப்பை மரம் ஒன்று கட்டைகளின் மேல் கிடந்தது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, தடவியும் பார்த்தார்.

"மரம் பிடிச்சிருக்குது அஞ்சலக்கா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மஞ்சத்தண்ணி ஊத்துனதுக்கு அப்பறம் கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் அது மண்ணத் தொடக்கூடாது. தொட்டுட்டா தேருக்கு ஆவாது. முன்னெல்லாம் எங்க ஊரு ஆம்பளைங்க தோள்லயே வரும். இப்ப பாதிப் பேரு வெளிநாட்டுல. நீதான் கொண்டாந்து சேக்கணும்."

முக்கால் டன்னுக்கு மேலே இருக்கிற மரம். கண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஏழுமலையைப் பார்த்தேன்.

பெரியவர் போனதும் அவன் சொன்னான்: "சரிம்மா, பந்தயம் வச்சிக்கலாம். ஒரு மெஷின் வாங்கு. இந்த மரத்த ஒழுங்கா கோயில்ல சேத்துட்டின்னா ஓட்டல்காரரு பேச்சையே நான் எடுக்க மாட்டேன். தவறிப்போச்சின்னா நீ மரவாடி பேச்சை எடுக்கக்கூடாது."

"எழுந்து கைய அடி" என்றேன். அடித்தான்.

யானை, குதிரை, அப்புறம் எங்கள் வண்டி

முதலில் ஒரு புரோக்கர் பழைய ஹைட்ரா கிரேன் ஒன்றைக் காட்டினார். மஞ்சள் கலரில் வீடு மாதிரி நின்றது.

"அம்மா, யானைம்மா இது. பன்னெண்டு டன் தூக்கும்."

தனம் கேட்டாள்: "அண்ணே, எங்ககிட்ட ஒரு டன் மரமே எப்பவாச்சும்தான் வரும். பன்னெண்டு டன் வச்சிக்கினு இன்னா தூக்கறது, மரவாடியவேவா?"

ஏழுமலைக்கு அந்த கிரேன் பிடித்திருந்தது. பெரியதாக இருந்தால் எல்லா வேலைக்கும் ஆகும் என்றான். நான் அவசரப்படவில்லை. அந்த கிரேனின் அகலத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மூங்கிலைக் குறுக்கே பிடித்தபடி தெருவில் நடந்தேன்.

"ஆயா, பந்தல் போட வந்தியா?" என்று மீன் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள்.

தெரு நுழைகிற இடத்தில் மூங்கில் போயிற்று. திருப்பத்தில் ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் தண்ணீர்க் குழாய். மூங்கில் நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால் கரண்டுக் கம்பி தலைக்கு மேலே துணிக்கொடி போலத் தொங்கியது. கீழே காலை எடுத்தால் கணுக்கால் வரைக்கும் மணல். யானை அங்கேயே முடிந்தது.

அடுத்தது டிராக்டரின் முதுகில் மாட்டுகிற கிரேன். சின்னது, விலையும் குறைவு. எங்கள் கடைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். தனம் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். இருபது வருடம் கழித்து ஏறினவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேறொரு கட்டையைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். கட்டை எழுவதற்குள் டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் எழுந்துவிட்டது.

"அத்தை! நான் மேல போறேன்!" என்று கத்தினாள் தனம். கட்டையை இறக்கினதும் குதிரை காலைக் கீழே வைத்தது.

கொண்டுவந்தவர், "முன்னாடி மணல் மூட்டை கட்டிக்கலாம்மா" என்றார்.

"மரத்தத் தூக்க மொதல்ல மூட்டையத் தூக்கணுமாப்பா?" என்றான் கண்ணன். அவரும் போய்விட்டார்.

மூன்றாவதாகப் போனது எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையம் பக்கம் பாஷா பாய் பட்டறைக்கு. லாரிக்கு பாடி கட்டுகிறவர். டிரெய்லரிலேயே முன்பக்கம் ஒரு தூண் நிறுத்தி, அதில் மடக்குகிற கை வைத்த லேசான கிரேன் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஹைட்ராலிக் பம்ப் கையாலேயே அடிக்கிறது. மினி டிராக்டர் இழுக்கும். அவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"அம்மா, இது ஒரு டன் தூக்கும்னு சொல்லுவேன். ஆனா அது தூணுக்குப் பக்கத்துல. கைய நீட்ட நீட்டக் கொறையும். முழுசா நீட்டுனா முன்னூறு கிலோவோட நிறுத்திக்கணும். எல்லாத்துக்கும் ஒரே கணக்கு சொல்றவன்கிட்ட வாங்காதீங்க."

இது எனக்குப் புதிதில்லை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து எவ்வளவு தூரமும் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து அடி நடக்க முடியாது. மெஷினுக்கும் இடுப்பு உண்டு, கை உண்டு.

நாங்கள் கேட்டது இவ்வளவும்: தளம் தாழ்வாக இருக்க வேண்டும். டயர் அகலமாக இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் இறக்கி நிறுத்த ஜாக்கி கால் வேண்டும். மரம் நசுங்காமல் இருக்க சங்கிலிக்குப் பதில் பட்டை பெல்ட் வேண்டும். கொக்கி சுழல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்த பாய் கடைசியில் ஒன்றுக்கு மட்டும் நிறுத்தினார். சக்கரத்தோடு சேர்ந்த அச்சு, சட்டத்துக்குக் கீழே முன்னும் பின்னும் தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும், இரும்புப் பின் போட்டு நிறுத்துகிற மாதிரி ஓட்டைகள் வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் யாரும் கேக்கறதில்லம்மா. வேலை ரெட்டிப்பு."

"எங்க கடையில ஒரு நாளு இருவது அடி உத்திரம் வருது, ஒரு நாளு ஆறடித் தூணு வருது பாய். மாட்டு வண்டியில பாரம் முன்ன போனா மாட்டுக் கழுத்து ஒடியும். பின்ன போனா நுகத்தடி மேல தூக்கும். டிரெய்லருக்கும் அதான?"

"எங்க வாப்பா மாட்டு வண்டிக்கு இரும்புப் பட்டா அடிச்சவரு. இத கேட்டிருந்தா உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பாரு" என்றார் பாய். பிறகு அவரே வாங்கிக் கொடுத்தார்.

வண்டி வந்ததும் கடற்கரை மணலில் ஒத்திகை பார்த்தோம். ஜாக்கி கால்கள் மணலில் குத்திக்கொண்டு இறங்கின. டயரும் புதைந்தது. மீன்படகுகளைக் கரைக்கு இழுக்கிற டிராக்டர்காரர் ஒருவர் பீடியை வாயில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயருல இவ்ளோ காத்து எதுக்கு? ரோட்டுக்கு அது. மணலுக்குப் பாதி எறக்கணும். காலுக்கு அடியில பலகை குடுங்க, அகலமா."

கண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நம்ம கடையில இல்லாத பலகையா ஆயா?"

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கின, சொல்தா என்று நாங்கள் சொல்கிற சிப்பாய் ஒருவரின் வீட்டை இடித்தபோது வந்த தேக்குக் கதவுகள் எங்களிடம் கிடந்தன. கை அகலக் கனம். வாங்க வருகிறவர்கள் எல்லாம் வீட்டு வாசலுக்குப் பெரிது என்று விட்டுவிட்டுப் போவார்கள். எட்டுக் கதவுகளையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன்.

கால் முன்னால் போகக்கூடாது

மரம் புறப்படுகிற அன்று காலையில் குப்பத்துக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். பெரியவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து, புதுத்துணி கட்டினார். மரம் ஏற்கெனவே கட்டைகளின் மேல் இருந்ததால் தரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணன் பெல்ட் மாட்டினான். தனம் பம்ப் அடித்தாள். மரம் அசையாமல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எழுந்தது. மேளக்காரர்களே ஒரு நிமிஷம் அடிக்க மறந்துவிட்டார்கள்.

எங்கள் பழக்கத்தில் மரத்தின் அடிப்பக்கத்தை முன்னால் வைத்து ஏற்றுவோம். கனமான பக்கம் டிராக்டரை அமுக்கிப் பிடிக்கும். அப்படித்தான் தனம் கொண்டுபோனாள். பெரியவர் கையை உயர்த்தினார்.

"அக்கா, நுனிதான் முன்னால போவணும். கால் முன்னால போறது எதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கால் முன்னால் போவது பிணம். அம்மன் தேருக்குப் போகிற மரத்தை அப்படிக் கொண்டுபோக முடியுமா? "திருப்பும்மா" என்றேன். கொக்கி சுழல்கிற கொக்கியானதால் கண்ணன் ஒரு விரலால் தள்ளி மரத்தைத் திருப்பினான். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்தோம். மரத்தைத் திருப்பினோம், டிரெய்லரின் அச்சைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. தனம் முன்னால் டிராக்டரில், நான் பின்னால் கதவுகள் ஏற்றின மினி லாரியில். அரியாங்குப்பம் தாண்டும்போது பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அவளைப் படம் பிடித்தார்கள்.

குப்பத்துத் தெரு முனையில் டயர் காற்றைப் பாதி இறக்கினோம். உள்ளே நுழைந்தாயிற்று. மூங்கில் நின்ற அந்தத் திருப்பத்தையும் தாண்டியாயிற்று. அதற்கு அப்பால் மணல் கொஞ்சம் மேடேறுகிறது. அந்த மேட்டில்தான் டிராக்டரின் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வண்டி நகரவில்லை. மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்தது. தனம் எஞ்சினை அணைத்தாள். மேளமும் நின்றது.

ஏழுமலை போனை எடுத்துவிட்டான். "நான் அப்பவே சொன்னேன்மா. ஹைட்ராவுக்கு சொல்லட்டுமா?"

பெரியவர் திரும்பினார். "ஹைட்ரா வந்தா இடிச்ச சுவத்தையெல்லாம் யாரு தம்பி கட்டறது? நீயா?"

"எறக்கிட்டு நாங்க தூக்கிக்கறோம்" என்றான் ஒரு பையன்.

"எறக்கி எங்கடா வைப்ப? உன் தலையிலயா?" என்றார் பெரியவர். அவர் குரல் கோபமாக இல்லை. பயமாக இருந்தது. அவருக்குத் தேர், எனக்கு மரவாடி. இரண்டும் அந்த மணலில் நின்றன.

நான் மினி லாரியிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து போனேன். ஏழுமலை, "வேகமா வாம்மா" என்றான். வேகமாகப் போனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே குனிந்து பார்த்தேன். இழுவைத் தண்டு மேலே முட்டிக்கொண்டு நின்றது. டிரெய்லரின் வால் தணிந்திருந்தது. நுகத்தடி தூக்கிவிட்டது. மரத்தின் அடிக்கனம் முழுவதும் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. பிடிமானம் இல்லாத சக்கரம் சுற்றாமல் என்ன செய்யும்?

"கண்ணா, கதவ எறக்கு!" என்றேன்.

தனத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். டிராக்டரிலிருந்து குதித்தாள். "அத்தை, அச்சப் பின்னால தள்ளணும்!"

நான்கு மூலைக்கும் நான்கு கதவு போட்டு, அவற்றின் மேல் நான்கு ஜாக்கி கால்களையும் இறக்கினோம். கண்ணனும் அவன் ஆட்களும் மாற்றி மாற்றி ஜாக்கியை ஏற்றினார்கள். கதவு முனகியது, உடையவில்லை. டிரெய்லர் மரத்தோடு கட்டில் மாதிரி எழுந்து நின்றது. சக்கரம் மணலை விட்டு அந்தரத்தில் தொங்கியது.

"அச்சுல மாட்டுன இரும்புப் பின்ன யாரு எடுக்கறது?" என்றாள் தனம்.

ஏழுமலை போனைப் பையில் போட்டான். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மணலில் பக்கவாட்டில் படுத்து, சுத்தியலால் தட்டினான். வெள்ளைச் சட்டை போட்டு மரவாடிக்கு வருகிறவன். அவன் அப்பா அந்தச் சுத்தியலைப் பிடிப்பது போலவே பிடித்தான்.

"வந்துடுச்சிம்மா!"

படகு தள்ளுகிற பிள்ளைகள் கம்புகளைக் கொடுத்து நெம்ப, படகுக்குப் போடுகிற அதே குரலைப் போட்டு அச்சைப் பின்னால் தள்ளினார்கள். இரண்டு ஓட்டை தாண்டி ஏழுமலை பின்னை இறக்கினான். ஜாக்கியைத் தளர்த்தினோம். சக்கரம் மணலில் அமர்ந்தது. இழுவைத் தண்டு டிராக்டர் மேல் கனமாக இறங்கி உட்கார்ந்தது. தனம் ஏறி எஞ்சினைப் போட்டாள். பின்சக்கரம் ஒரு தரம் மணலை அரைத்தது, அப்புறம் கவ்விக்கொண்டது.

அதற்குப் பிறகு வழியெல்லாம் கதவுதான். முன்னால் இரண்டு கதவு போட்டால் வண்டி அதன் மேல் ஏறும். கடந்த கதவைப் பின்னாலிருந்து தூக்கி ஓடிவந்து மறுபடி முன்னால் போடுவார்கள். ஒரு கிழவி குழப்பத்தோடு கேட்டாள்: "அம்மனுக்கு மரம் கொண்டாறியா, கதவு கொண்டாறியாடி?"

"ரெண்டும்தான்" என்றேன்.

கோயில் முன்னால் மரத்தை இறக்கி வைக்க மூன்று மரக்கால்கள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கரண்டுக் கம்பிக்குக் கீழேயே கிரேனின் கை மடங்கி வேலை செய்தது. தனம் தூணுக்குப் பக்கத்திலேயே பாரத்தை வைத்து, கையை நீட்டாமல், நிறுத்தி நிறுத்தி இறக்கினாள். மரம் கால்களின் மேல் உட்கார்ந்தது. பெரியவர் குனிந்து அடியில் கையை விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிப் பார்த்தார். ஒரு மணல் கூட ஒட்டவில்லை. கையை எல்லோருக்கும் காட்டினார். மேளம் அடித்த அடியில் காக்கை எல்லாம் பறந்தது.

பரிவட்டத் துணியை எடுத்துக்கொண்டு அவர் ஏழுமலையிடம் போனார். மரம் கொண்டுவந்து சேர்ப்பவனுக்குத் தலையில் கட்டுவது அவர்கள் வழக்கம்.

"ஓட்டனவளுக்குக் கட்டு" என்றேன்.

"பொம்பளைக்குக் கட்டிப் பழக்கமில்லையே அக்கா."

"மரம் மெஷின்ல வந்துகூடத்தான் பழக்கமில்ல."

பெரியவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மீன் காய வைத்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவரும் சிரித்துவிட்டு, கிரீஸ் கையோடு நின்ற தனத்தின் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார். அவள் அழுதாளா வியர்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழுமலை பக்கத்தில் நின்று அந்த முடிச்சைச் சரிபண்ணினான்.

திரும்பி வரும்போது அவன் போன் அடித்தது. ஓட்டல்காரர். மினி லாரியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"எடமா சார்? இல்ல சார். எங்க வண்டிய நிறுத்தவே எடம் பத்தல" என்றான்.

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய சட்டை இன்னும் என் மடியில் இருந்தது.

கேட்க வருகிறவர்களுக்கு

அந்தக் கதவுகளை நான் விற்கவில்லை. இப்போது வாசல் பெரிதாக இருக்கிறவர்கள் கேட்டாலும் கொடுப்பதில்லை. கண்ணன் தோளில் துண்டு மட்டும்தான் கிடக்கிறது. பெல்ட் மாட்டுகிற மேஸ்திரி அவன். புதுப் பிள்ளைகள் இரண்டு பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: மரத்தைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள். அது போக வேண்டிய வழியைப் பார்த்து வாங்குங்கள். ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு முதலில் அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். பெரியதைத் தூக்குவது பெருமை இல்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. மரத்தைத் திருப்பினால் அச்சையும் பாருங்கள். ஓட்டத் தெரிந்தவர் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கலாம், அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.

போதும். யாழினி, பேனாவை வை. இப்போது எழுதினதைப் படி, கேட்கலாம். முதலிலிருந்து வேண்டாம், உன் அம்மா தலையில் பரிவட்டம் கட்டின இடத்திலிருந்து படி. அவள் உள்ளே குழம்பு தாளிக்கிறாள். சத்தமாகப் படி.